தோள் கேட்ட விடுப்பு



தக்பீர் கட்டும்போது உங்கள் கைகள் எதுவரை உயர்கின்றன என்பதை என்றேனும் கவனித்ததுண்டா? ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் எங்கள் காயல்பட்டினத்தில் உள்ளங்கை தோளுக்கு நேராக வருமளவு உயர்த்துவோம். ஹனஃபி மத்ஹபினர் பெருவிரல் காதுச்சோணையை நெருங்குமளவு உயர்த்துவர். நல்ல உடம்புக்கு இரண்டும் ஒரு நொடிச் செயல். ஆனால், தோள்மூட்டு ஒருமுறை கழன்றவனுக்கு அந்த ஒரு முழ உயரம் எத்தனை தொலைவு என்பதைச் சென்ற ஆண்டு ஐப்பசி முதல் நான் அறிந்து வருகிறேன்.

அது சாலையில் நேர்ந்ததன்று. மழை ஓய்ந்த ஒரு மாலையில் அஸருக்கு உளூச் செய்ய ஹவ்ளில் இறங்கியபோது பாசிப் படியில் கால் வழுக்கியது. வலக்கையை ஊன்றியபடி விழுந்தேன். தோளின் உருண்டை மறைந்து, அவ்விடம் சப்பையாகத் தெரிந்தது. ஓடி வந்தவர்களில் இருவர், "இழுத்துவிட்டால் உட்கார்ந்துவிடும்" என்று கையைப் பற்ற முனைந்தனர். என் காக்காதான் அவர்களைத் தடுத்து, தம் தோள்துண்டால் கையை மார்போடு சேர்த்துக் கட்டி மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். எக்ஸ்ரே எடுக்காமல் இழுப்பதில் எத்தனை தீங்கு உண்டென்று மருத்துவர் பின்னர் விளக்கினார். மூட்டு கழன்றதோடு எலும்பும் முறிந்திருக்கலாம். அக்குள் வழியே செல்லும் நரம்பும் இரத்தக் குழாயும் நசுங்கியிருக்கலாம். நம் ஊர்களில் கட்டுப் போடுவோர்மீது உள்ள நம்பிக்கை பெரிது. அதைப் பழிப்பது என் நோக்கமன்று. படம் எடுத்துப் பார்க்கும் வரையேனும் கையைத் தொடாதிருக்கச் சொல்லுங்கள்.

மனித உடலின் பெரிய மூட்டுகளில் மிக எளிதாகக் கழல்வது தோள்மூட்டே. இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்தில் அமர்ந்த பந்து போன்றது. தோளோ சிறிய தட்டில் வைத்த பெரிய எலுமிச்சம்பழம். அந்தப் பழம் உருண்டுவிடாமல் காப்பவை சவ்வுகளும், நான்கு தசைகளின் நாண்கள் ஒன்று சேர்ந்து உறைபோல் அமைந்த பிடிப்புமே. எத்திசையிலும் கையைச் சுழற்றும் வசதிக்காக உறுதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த படைப்பு அது. இருபது வயதுக்குட்பட்டோருக்கு ஒருமுறை கழன்றால் மீண்டும் மீண்டும் கழலும் அச்சம் அதிகம். நாற்பதைக் கடந்தோருக்கு மறுபடி கழல்வது குறைவு. ஆனால் அந்த நாண்கள் கிழிந்துபோவது அதிகம். எனக்கு வயது நாற்பத்தேழு. நாண்களுள் ஒன்று பாதி கிழிந்திருப்பதை ஸ்கேன் காட்டியது. மூன்று வாரம் கழுத்திலிருந்து தொங்கும் தூளியில் கை. பிறகு மூன்று மாதம் பயிற்சி. அதுவரை மோட்டார் சைக்கிளைத் தொடக்கூடாது என்றார் மருத்துவர்.

திருச்செந்தூருக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கடை கடையாகச் சென்று ஆர்டர் எடுப்பவன் நான். வண்டி இல்லாத நாள் பாதி வருமானம் உள்ள நாள். ஆகவே அந்த விடுப்பு எளிதாக இருக்கவில்லை.

தொழுகையில் கிடைத்த விடுப்போ மிக எளிதாக இருந்தது. பள்ளி இமாமிடம் கேட்டேன். "முடிந்தவரை உயர்த்துங்கள். ஒரு கை உயராவிட்டால் மற்றதை உயர்த்துங்கள். கை உயர்த்துவது சுன்னத்துதானே" என்றார். மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகை பற்றிக் கேட்டபோது, நின்றும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரீயில் பதிவாகியுள்ளதை அனைவரும் அறிவோம். சலுகை கேட்டோம், கிடைத்தது, ஏற்றுக்கொண்டோம். அதில் நமக்கு நாணம் ஏதுமில்லை. ஜமாஅத்தில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பது வலித்ததால் ஸஃபின் வலக்கோடியில் நின்றேன். சந்தூக்கு தூக்கும்போது இடத்தோளை மட்டும் கொடுத்தேன். நோன்புப் பெருநாளன்று தழுவ வந்தவர்களிடம் முன்கூட்டியே இடக்கையை நீட்டினேன். ஒருவரும் தவறாக எண்ணவில்லை.

ஆனால் தெருவில் நடக்கும்போது கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். "என்ன காக்கா, இன்னும் வண்டி எடுக்கவில்லையா?"

படைத்தவன் முன்னிலையில் 'இயலவில்லை' என்று சொல்லக் கூசாத நாம், கடைத்தெருவில் அதே சொல்லைச் சொல்ல ஏன் கூசுகிறோம்? என் தொழுகையில் கை அரை அடி தாழ்ந்தால் அது எனக்கும் என் இறைவனுக்கும் இடையிலான செய்தி. சாலையில் என் கை அரை நொடி பிந்தினால், அது பின்னிருக்கையில் அமர்ந்த பிள்ளையின் உயிரும் எதிரே வரும் வழிப்போக்கரின் உயிரும் சம்பந்தப்பட்ட செய்தி. அடியார்களின் உரிமை, ஹக்குல் இபாத், எத்தனை கடினமான கணக்கு என்று பயானில் கேட்டுவிட்டு வாசலுக்கு வந்து வண்டியை உதைக்கிறோம். நாட்டுச் சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-ஆவது பிரிவு, பொதுமக்களுக்கு ஆபத்தாக முடியக்கூடிய நோயோ உடற்குறையோ தமக்கிருப்பதை அறிந்தே வண்டி ஓட்டுவதைக் குற்றமென்கிறது.

எங்கள் தெருவில் ஓர் அன்பர் காறை எலும்பு முறிந்து இடக்கையைத் தூளியில் போட்டுக்கொண்டு, வலக்கையால் மட்டும் ஸ்கூட்டரை ஓட்டி மகளை மத்ரஸாவில் விட்டுவருவார். "கியர் இல்லை, கிளட்ச் இல்லை, ஒரு கை போதும்" என்பது அவர் வாதம். இப்படி எண்ணுவோர் பலர் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். கியரில்லா ஸ்கூட்டரில் இடக்கைப் பிடி பின்சக்கர பிரேக் ஆகும். 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பின்பிரேக்கைப் பிடித்தாலே இரு சக்கரங்களும் சேர்ந்து அடங்கும்படி அமைத்திருக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு முழுவதையும் அவர் தூளியில் கட்டிவைத்துவிட்டார். எஞ்சியது முன்சக்கர பிரேக் மட்டும். அதுவும் ஆக்ஸிலேட்டரைத் திருகும் அதே கையில். ஆடு குறுக்கிட்டால், திருகிய கை திடுக்கென்று முன்பிரேக்கை இறுக்கும். எங்கள் தெருக்களில் கடற்கரை மணலுக்குப் பஞ்சமில்லை. மணலில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி நிற்பதில்லை, சரிகிறது. ஒரே பக்கம் பிடித்த கைப்பிடியும் நேராக நில்லாமல் திரும்பிவிடும். சரிந்தால் ஊன்ற மறு கையும் இல்லை.

காயம் எந்தத் தோளில் என்பதைப் பொறுத்துத் தொல்லையும் மாறும். மோட்டார் சைக்கிளில் இடக்கைக்குக் கிளட்ச். நெரிசலில் நூறு தடவை பிடித்து விடவேண்டும். வலக்கைக்கு ஆக்ஸிலேட்டரும் முன்பிரேக்கும். வேகத்தை அடக்குவதில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது. ஏனெனில் பிரேக் பிடித்ததும் பாரம் முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. அதே நொடியில் ஓட்டுபவரின் உடலும், பின்னால் அமர்ந்தவரின் உடலும் முன்னே தள்ளப்பட்டு அந்தப் பாரம் இரு தோள்களில் இறங்குகிறது. விரல் பிடிக்கும், தோள் தாங்காது. வலி வெட்டியதும் விரலும் தளரும். பள்ளமும் வேகத்தடையும் ஹேண்டில் வழியாக நேரே தோளுக்குத்தான் செய்தி அனுப்புகின்றன.

ஓட்டுவதைவிட ஓட்டாத நேரம் இன்னும் மோசம் என்பது என் அனுபவம். சென்டர் ஸ்டாண்டு போடுவதும், சந்தில் வண்டியைப் பின்னோக்கித் தள்ளுவதும், சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துவதும் தோளுக்கு முழுப் பளு. நின்ற வண்டி புண்பட்ட பக்கமாகச் சாயத் தொடங்கினால் பிடித்து நிறுத்த முயலாதீர்கள்; விழட்டும். கழன்ற தோளுக்கு மிகக் கேடான நிலை, கையைப் பக்கவாட்டில் உயர்த்திப் பின்னே திருப்புவது. பின்னிருக்கைப் பையைத் திரும்பாமலே எட்டி எடுக்கும்போது கை அந்நிலைக்குத்தான் நெருங்குகிறது.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டுவோரும் உண்டு. சில மாத்திரைகளும் தசை இறுக்கம் தளர்த்தும் மருந்துகளும் உறக்கத்தை வரவழைக்கும். எந்த மாத்திரையாயினும் 'போதும், நிறுத்து' என்று சொல்லும் வலியின் வாயையும் அடைத்துவிடும். மருத்துவரிடம், "இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டலாமா?" என்று கேட்டு வாங்குங்கள்.

மார்கழி மாதத்து இரவொன்றில் என் உறுதிக்குச் சோதனை வந்தது. உம்மாவுக்கு ஆஸ்துமா. மணி பதினொன்று இருக்கும், இன்ஹேலர் தீர்ந்துபோயிற்று. திருச்செந்தூரில் மருந்துக்கடை திறந்திருக்கும். வண்டியில் சென்றால் கால் மணி நேரம். மூச்சு இன்னும் இறுகினால் 108-ஐ அழைப்பதென்று மகள் கைபேசியோடு உம்மாவின் அருகில் அமர்ந்தாள். வண்டிச் சாவி ஆணியில் தொங்கியது. தூளியை அகற்றிச் சில வாரங்களே ஆகியிருந்தன. என் கண் சாவியின்மேல் இருப்பதை உம்மா பார்த்துவிட்டார்கள். "நீ போகாதே வாப்பா. யாரையாவது எழுப்பு" என்றார்கள், மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு.

எதிர்வீட்டில் சவூதியிலிருந்து விடுமுறையில் வந்திருந்த தம்பி. அந்நேரத்தில் அவர் கதவைத் தட்டுவது, ஒற்றைக் கையால் திருச்செந்தூர் போய் வருவதைவிடக் கடினமாக இருந்தது எனக்கு. தட்டினேன். கைலியை இறுக்கிக் கட்டியபடி வந்தவர், செய்தி கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டே, "இதற்கா காக்கா வாசலில் இவ்வளவு நேரம் நின்றீர்கள்? நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் மூத்தவள் பிறந்த இரவில் என் வீட்டுக்காரியை அழைத்துப் போக ஆட்டோ பிடித்து வந்தது யார்?" என்றார். அரை மணிக்குள் மருந்து வந்தது. அல்ஹம்துலில்லாஹ், உம்மா உறங்கினார்கள்.

தோள் வலி எல்லாம் அடிபட்டு வருவதன்று என்பதையும் சொல்லவேண்டும். சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு, குறிப்பாக நாற்பது முதல் அறுபது வயதுக்குள், காரணமின்றியே தோள் இறுகிப்போகும். ஃப்ரோசன் ஷோல்டர் என்பர். ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதி. முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெல்லத் தளர்ச்சி. முழுதும் அடங்க ஓராண்டு முதல் மூன்றாண்டு ஆகலாம். தலை வாரவும் துப்பட்டியை இழுத்துப் போடவும் முடியவில்லை என்று வீட்டில் யாரேனும் சொன்னால், சோம்பல் என்று தள்ளிவிடாமல் சர்க்கரையையும் சேர்த்துச் சோதியுங்கள். அவர்கள் ஸ்கூட்டர் ஓட்டுபவராயின், பின்னால் வரும் வண்டியைத் திரும்பிப் பார்க்க முடிகிறதா என்றும் கேளுங்கள்.

மருத்துவர் அனுமதித்த பின்னும் நான் உடனே ஏறிவிடவில்லை. பயிற்சி சொல்லிக்கொடுத்தவரின் யோசனைப்படி முதலில் வாசலில் நின்ற வண்டிமேல், எஞ்சினை அணைத்து வைத்து அமர்ந்தேன். முன்பிரேக்கை இருபது முறை இறுக்கினேன். ஹேண்டிலை இப்புறம் அப்புறம் முழுவதும் திருப்பினேன். இரு பக்கமும் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தேன். வண்டியைத் தெருமுனை வரை தள்ளிச் சென்று திரும்பினேன். ஹெல்மெட்டைப் பிறர் உதவியின்றி இரு கையாலும் உயர்த்தித் தலையில் போட்டு, வாரை மாட்டினேன். இதில் ஏதேனும் ஒன்று வலியால் தடைப்பட்டாலும் அன்று சாவி ஆணிக்கே போகும். ஹெல்மெட்தான் கடைசிவரை இடறிற்று. எல்லாம் தேறியபின் வெறும் மைதானத்தில், மெதுவான வேகத்தில், திடீரென்று பிரேக் பிடித்துப் பழகினேன்.

என் தேர்ச்சியை அளந்து காட்டியது தொழுகைதான் என்பேன். ஷாஃபிஈ முறையில் நான்கு ரக்அத்தில் கை பத்து முறை உயரும். மஃரிபில் எட்டு, சுப்ஹில் ஐந்து. ஐவேளை ஃபர்ளில் மட்டும் நாளொன்றுக்கு 43 முறை. மார்பளவில் நின்ற கை, அடுத்த மாதம் அக்குள் மட்டத்துக்கும், தை பிறந்தபின் தோள் மட்டத்துக்கும் ஏறியதை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். தொழுகையில் எண்ணம் இப்படி அலைந்ததற்கு அல்லாஹ் மன்னிப்பானாக.

இப்போது ஊருக்குள்ளும் ஆறுமுகநேரி வரைக்கும் வண்டியில் போகிறேன், பின்னிருக்கையைக் காலியாக வைத்து. சரக்குப் பையைத் தோளில் மாட்டுவதில்லை, பின்னால் கட்டிவிடுகிறேன். தூத்துக்குடிக்குப் பேருந்துதான். முப்பது கிலோமீட்டர் தொலைவு பெரிதன்று. இடையிலுள்ள உப்பளங்கள்தான் தடை. ஆனி, ஆடியில் அங்கே வீசும் மேல்காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை எதிர்த்து நேராகப் பிடித்துப் போவது முழுவதும் தோளின் வேலை. காற்றுக் காலம் முடிந்ததும் ஆற்றூர்ப் பாலம் வரை ஒருமுறை போய்ப் பார்க்க எண்ணியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். பாலத்தைத் தாண்டுவதா, அங்கிருந்தே திரும்புவதா என்பதை அன்று தோளிடம் கேட்டுக்கொள்வேன்.