மூன்றாவது துளை

என் அக்கா மகனுக்கு வலது கை மோதிர விரல் முழுதாக மடங்காது. காரணம் நான். இத்தனை நாளும் வீட்டில் வேறு காரணம் சொல்லி வைத்திருந்தேன். ஒன்று இல்லை, மூன்று. மூன்றும் பொய். நடந்ததை நடந்தபடி இங்கே எழுதுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் பட்டறைப் பயிற்சி நடத்துகிறவன். பத்தொன்பது வருட வேலை. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு முதல் நாள் ஒரே பாடம்தான் சொல்வேன். துளை போடும் முன் ஜாப்பை வைஸில் கட்டு. கையால் பிடிக்காதே. பக்கத்தில் நிற்பவனைப் பிடிக்கச் சொல்லாதே. இதைச் சொல்லாமல் ஒரு வருடமும் நான் வகுப்பைத் தொடங்கியதில்லை. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்று நீங்கள் எனக்கு இரங்கிவிடக் கூடாது.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் வளர்ந்தவர்களுக்கு வீடியோ கேம் கடை நினைவிருக்கும். இருட்டு அறை, வியர்வை நாற்றம், ஒரு ரூபாய்க் காசு. 1993-ல் காப்காம் வெளியிட்ட ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ ஆட்டத்தை நாங்கள் யாரும் அந்தப் பெயரில் சொன்னதில்லை. அதில் வரும் ஒரு வீரன் பெயரால் அது எங்களுக்கு ‘முஸ்தபா’. மூன்று பேர் சேர்ந்து ஆடலாம். ஆளுக்கு ஒரு ஜாய்ஸ்டிக், இரண்டு பொத்தான். இந்தக் கதையை அக்கா மகனிடம் அடிக்கடி சொல்வேன். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்பு. “நாமளே ஒண்ணு செய்வமா மாமா?” என்று கேட்டான். செய்வோம் என்றேன்.

ஒரு சின்ன கம்ப்யூட்டர், வீட்டு டிவி, அதோடு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆட ஒரு பலகை. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஆட வேண்டுமானால் ஆளுக்கு ஆறு பொத்தான் வேண்டும். தொடங்குவதற்கு ஆளுக்கு ஒன்று. ஆகப் பொத்தானுக்கு மட்டும் பதினான்கு துளை. தடிமனான மரப்பலகை என்பதால் நீள மரை உள்ள, அடியில் நட்டுப் போட்டு இறுக்கும் பொத்தானாக வாங்கினேன். அதன் உடல் 28 மி.மீ. துளைக்குள் இறங்கும். மேலே தெரியும் விளிம்பு 33 மி.மீ. அந்த இரண்டு அளவுக்கு நடுவில்தான் என் கர்வம் உட்கார்ந்திருந்தது.

அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்தான், அப்போது கே.டி.சி. நகரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். நிலை வைத்தவர் அம்பாசமுத்திரம் பக்கத்து ஆசாரி ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கதவுகளும் அலமாரிகளும் அவர்தான் செய்வதாகப் பேச்சு. அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு கடையும் கடைசல் பட்டறைகள் உண்டு. அப்படி ஒரு பட்டறையில்தான் அவர் சிறு வயதில் வேலை பழகினார். ஊரில் மூத்தவர்களை அண்ணாச்சி என்று கூப்பிடுகிற நான், அவரை மட்டும் ‘ஆசாரி’ என்றே கூப்பிட்டு வந்தேன். அவர் என்னை ‘சார்’ என்றார். அதில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

2024 அக்டோபர் 10, வியாழக்கிழமை சாயங்காலம் அவர் சிந்துபூந்துறையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மர உருண்டையை எடுத்துப் பையனிடம் கொடுத்தார். ஜாய்ஸ்டிக் தலைக்கு அவரே கடைந்தது. சரியாக 35 மி.மீ. அடியில் 6 மி.மீ. மரை பதித்து, சிவப்பு அரக்கு ஏற்றியிருந்தார். அளவு சொல்லிவிட்டது பையன். கூலி வாங்கவில்லை.

பிறகு நான் எடுத்து வைத்திருந்த பலகையைப் பார்த்தார். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தபோது மூழ்கிக் கிடந்த அலமாரியின் தட்டு அது. 18 மி.மீ. கமர்ஷியல் பிளைவுட். மொட்டைமாடியில் காயப்போட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று வைத்திருந்தேன். புதுப் பலகை வாங்க எனக்கு மனசில்லை. அவர் அதை விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டினார்.

“சார், இது தண்ணி குடிச்ச பலகை. உள்ள ஒட்டு விட்டிருக்கு. சத்தத்த கேளுங்க, ஒரு இடத்துல ஒண்ணு மாதிரி இல்ல.”

மேஜை மேல் நான் வைத்திருந்த 28 மி.மீ. ஹோல்சாவை, வட்டமாகத் துளை அறுக்கும் கிண்ண ரம்பத்தை, எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இது இரும்புக்குள்ளது. பல்லு பொடி. மரத்தூள் அடைச்சு சூடாயிரும். பிடிச்சுதுன்னா பலகையையும் சேத்து சுத்தும். நாளைக்கி ஆயுத பூஜை, சாமானெல்லாம் பூஜைக்கு வச்சாச்சு. ஞாயித்துக்கிழம கிளாம்பும் முப்பது பிட்டும் கொண்டாரேன். அரை நாள் வேல. நீங்க போட்டுராதீங்க.”

முப்பது பிட்டு என்று அவர் சொன்னது ஃபோர்ஸ்ட்னர் பிட். 1874-ல் அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் என்ற துப்பாக்கித் தொழிலாளி காப்புரிமை வாங்கியது. நடுக்கூரை நம்பி ஓடாது. விளிம்பு வட்டமாக முதலில் அறுக்கும், உள்ளே இருப்பதை அலகு வழித்தெடுக்கும். அதனால் மேல் தோல் பிய்யாது. மாடுலர் கிச்சன் வேலை செய்கிற ஆசாரிகள் எல்லோரிடமும் 35 மி.மீ.யில் ஒன்று இருக்கும், கப் ஹிஞ்ச் பதிக்க. அது எங்கள் பொத்தானுக்கு ஆகாது, விளிம்பே உள்ளே விழுந்துவிடும். 30 சரியாக வரும். பக்கத்துக்கு ஒரு மி.மீ. இடைவெளி இருக்கும். அதை விளிம்பு மூடிவிடும், நட்டு இறுக்கிவிடும். அவர் சொன்னதில் ஒரு சொல் தவறு இல்லை. இது எனக்கு அன்றைக்கே தெரியும்.

ஆனால் என் கையில் வெர்னியர் இருந்தது. 28 என்றால் 28. ஒரு மி.மீ. தளர்வு மர வேலைக்காரர் கணக்கு, நமக்கு அது கூடாது என்று நினைத்தேன். மெஷின் ஷாப்பில் நூறில் ஒரு பங்கு மி.மீ. பார்க்கிறவனுக்கு மரம் ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தேன். எனக்கு ஓர் ஆசாரி, அக்கா மகன் பார்க்கும்படி, செய்யாதே என்று சொல்லிவிட்டுப் போனது பிடிக்கவில்லை. காரணம் இவ்வளவுதான். அந்த ஹோல்சாகூட பாலிடெக்னிக் பட்டறையிலிருந்து பதிவேட்டில் எழுதாமல் எடுத்து வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பகல் மூன்று மணி. முன்வாசலில் இரண்டு ஸ்டூல். அவற்றின் மேல் பலகை. கிளாம்ப் இல்லை. பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறையில் கேட்டால் இரண்டு கொடுத்திருப்பார்கள். கேட்கப் போகவில்லை. பலகையின் ஒரு முனையைப் பையனைப் பிடிக்கச் சொன்னேன். அவனுக்குப் பின்னால் கல்தூண்.

“மாமா, ஆசாரித் தாத்தா வரட்டுமே” என்றான்.

“பிடிலே, ஒண்ணும் ஆகாது” என்றேன்.

முதல் துளை விழுந்தது. புகை வந்தது, கருகல் வாசம் அடித்தது, ஆனாலும் வட்டம் சுத்தமாக இருந்தது. பொத்தானை வைத்துப் பார்த்தேன். கச்சிதம். இரண்டாவதும் அப்படியே. பையனைப் பார்த்தேன். அவன் சிரித்தான். ஆசாரி சொன்னது பொய்யாகிவிட்டது என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. துளை சரியாக வந்ததைவிட அவர் சொன்னது சரியாக வராததுதான் எனக்கு இனித்தது.

மூன்றாவது துளைக்கு விசையை முழுதாக அழுத்தினேன். அந்த டிரில் மிஷின் நிமிடத்துக்கு 2,600 சுற்று. 6 மி.மீ. பிட் அந்த வேகத்தில் சுற்றினால் அதன் ஓரம் நிமிடத்துக்கு 49 மீட்டர் ஓடும். 28 மி.மீ. ஹோல்சாவின் ஓரம் 229 மீட்டர் ஓடும். பெரிய பிட்டுக்குச் சுற்றைக் குறை என்று கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறவன் நான். அன்று போட்டுப் பார்க்கவில்லை. இரண்டு துளையின் தூளும் கருகிய மரவில்லைகளும் ஹோல்சாவுக்குள் அடைத்திருந்தன. அதைக் குத்தி எடுக்க இரண்டு நிமிடம் ஆகும். எடுக்கவில்லை.

பாதி ஆழம் போனதும் சத்தம் மாறியது. கேட்டது எனக்கு. ஒட்டு விட்ட அடுக்கு ஒன்று உள்ளே கிளம்பியிருக்கிறது. மிஷின் லேசாகச் சாய்ந்திருந்தது. ஒரு பக்கத்துப் பற்கள் அந்த அடுக்கைக் கவ்விக்கொண்டன. விசையிலிருந்து விரலை எடுக்க ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியில் நான் எடுக்கவில்லை, இன்னும் அமுக்கினேன். அமுக்கினால் வெட்டிக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன்.

பலகை ஸ்டூலை விட்டுச் சுழன்றது. பையன் கையை விடவில்லை. பிடி என்று நான் சொல்லியிருந்தேன், அவன் பிடித்திருந்தான். பலகையின் மூலை அவன் வலது கையைக் கல்தூணோடு சேர்த்து அடித்தது. அவன் கத்தவில்லை. “மாமா” என்றான், அவ்வளவுதான். நடுவிரலும் மோதிர விரலும் ஒடிந்திருந்தன.

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அக்கா ஓடி வந்தாள். “எப்படிடா ஆச்சு?” என்று என்னைக் கேட்டாள். அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன். “கையை வைக்கக் கூடாத இடத்துல வச்சுட்டான்க்கா” என்றேன். பையன் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தான். என் முகத்தைப் பார்த்தான். அக்கா அவனிடம் திரும்பி, “ஏண்டா கவனமா இருக்கக் கூடாதா?” என்றாள். அவன், “தெரியாம வச்சுட்டேம்மா” என்றான். எனக்காகச் சொன்னான். விரல் ஒடிந்த பிள்ளை அந்த வலியோடு என்னைக் காப்பாற்றினான். நான் காப்பாற்றவிட்டேன்.

இரண்டாவது பொய் அத்தானிடம். அந்த பிட்டை வைத்து ஏன் போட்டாய் என்று அவர் துருவித் துருவிக் கேட்டார். தச்சு வேலை பார்த்தவர்களோடு பழகியவர், அவருக்குக் கொஞ்சம் தெரியும். எனக்கு பயம் வந்தது. “ஆசாரிதான் அது போதும்னு சொன்னார்” என்றேன். போட்டுராதீங்க என்று சொன்ன மனிதரை, போடச் சொன்னவராக ஆக்கினேன்.

மூன்றாவது அம்மாவிடம். ஆயுத பூஜை அன்றைக்கு மிஷினைத் தொட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று அம்மா அழுதாள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும், “ஆமாம்மா, தொட்டிருக்கக் கூடாது” என்றேன். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆசாரி சொன்னபடி வந்தார். துணிப்பையில் நான்கு கிளாம்பும் முப்பது பிட்டும். முன்வாசலில் பலகை கிடந்தது. ஹோல்சா அதில் பாதி இறங்கியபடி சிக்கியிருந்தது. குனிந்து பார்த்தார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையன் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார். அங்கே அத்தான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று அவருக்கு விளங்கியிருக்காது.

அந்த வீட்டின் கதவு வேலையை அத்தான் வேறு ஆளுக்குக் கொடுத்தார். தலைவாசல் கதவு, உள் கதவுகள், சமையல்கட்டு, மூன்று அலமாரி. ஓர் ஆளுக்கு நாலைந்து மாத வேலை. அதை நம்பி ஆசாரி வேறு வேலை ஒன்றை விட்டிருந்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அவர் வைத்த நிலையில் வேறு ஒருவர் செய்த கதவு தொங்குகிறது. பால் காய்ச்சுக்கு நான் போயிருந்தேன். அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போனேன். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பையனுக்கு விரலில் கம்பி வைத்து ஆறு வாரம் கட்டு. அரையாண்டுத் தேர்வில் அவனால் முழுதாக எழுதி முடிக்க முடியவில்லை. கையெழுத்து மாறிவிட்டது. பேனாவை இப்போது வேறு மாதிரி பிடிக்கிறான். ஆட்டப் பலகையைப் பற்றி அவன் திரும்பக் கேட்கவே இல்லை. சிவப்பு உருண்டை அவன் மேஜையில் இருக்கிறது. நான் அந்த அறைக்குப் போனால் அதைப் பார்க்காமல் பேசுவேன்.

போன மாதம் அக்காவையும் அத்தானையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பையனும் இருந்தான். அக்கா அவனைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். இதுவரை என்னோடு பேசவில்லை.

அடுத்த நாள் அம்பாசமுத்திரம் போனேன். ஆசாரி தன் வீட்டுத் திண்ணையில் ஒரு ஜன்னல் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார். “அண்ணாச்சி” என்று கூப்பிட்டேன். முதல் தடவையாக. நின்றுகொண்டே சொன்னேன், அத்தானிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து. இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“பயலுக்கு வெரலு மடங்குதா?” என்றார்.

“நடுவெரல் மடங்குது. மோதிர வெரல் மடங்கல.”

தலையை ஆட்டினார். இழைப்புளியை எடுத்துக்கொண்டு சட்டத்தின் பக்கம் திரும்பினார். உட்காரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. சுருள் சுருளாக மரச்சீவல் விழுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.