போதும் என்றால் நிற்கும் நாய்

நாய்ப் போட்டி என்றால் குரைப்புச் சத்தம் காதைப் பிளக்கும் என்று நினைத்துத்தான் போனேன். மைதானத்துக்கு வெளியே வரிசையாகப் பிக்கப் வண்டிகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் அலுமினியப் பெட்டி, பெட்டிக்கு இரண்டு மூன்று நாய். ஒன்றுகூடக் குரைக்கவில்லை. காற்றுத் துளைகளில் ஈரமூக்குகள் மட்டும் தெரிந்தன. எல்லா மூக்கும் ஒரே திசையில், மாட்டுப் பட்டி இருந்த பக்கம் திரும்பியிருந்தன.

வட கலிபோர்னியாவில், சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் இருக்கிறது ரெட் பிளஃப். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இருட்டோடு கிளம்பி ஐந்தாம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தேன். ஜனவரியில் இந்தச் சமவெளியில் இறங்கும் மூடுபனி அன்றும் இறங்கியிருந்தது. வழியில் கார்னிங் ஊரின் ஒலிவத் தோப்புகள் நிழல்போலத் தெரிந்து மறைந்தன. ஊருக்குள் நுழைந்தபோது விடிந்திருந்தது, ஆனால் பனி விலகவில்லை.

1941-இல் தொடங்கிய காளை ஏலம் இந்த ஊரின் அடையாளம். ஆண்டுதோறும் ஜனவரிக் கடைசியில் தெஹாமா மாவட்டச் சந்தை மைதானத்தில் கூடுகிறார்கள். இனவிருத்திக் காளைகளைக் கால்நடை மருத்துவர்கள் சோதித்து, தேறியவற்றைத்தான் ஏலத்துக்கு விடுகிறார்கள். காயடித்த சவாரிக் குதிரைகளும் உண்டு. மூன்றாவதாக வருபவை மாடு மேய்க்கும் நாய்கள். விலைக்கு வரும் நாய் முதலில் எல்லார் முன்னிலையிலும் மாட்டை மேய்த்துக் காட்ட வேண்டும். இங்கே போட்டியும் சந்தையும் ஒன்றுதான். வேலையைக் கண்ணால் பார்க்காமல் ஒருவரும் ஏலத்தில் கையைத் தூக்குவதில்லை.

எனக்கு இதில் ஒரு சொந்த ஆவலும் உண்டு. சிவகங்கைப் பக்கம் என் தாத்தா புலிக்குளம் மாட்டுக் கிடை வைத்திருந்தார். பெரிய கிடையை இரண்டு மூன்று பேர் ஓட்டிக்கொண்டு போய், ஊர் ஊராக வயலில் அமர்த்துவார்கள். அங்கேயும் நாய் உண்டு. ஆனால் அது காவல் நாய். ராத்திரி கிடையை ஒட்டிப் படுத்திருக்கும், நரியோ திருடனோ வந்தால் குரைக்கும். மாட்டை மடக்குவது மனிதக் குரலும் கையில் இருக்கும் கம்பும்தான். குரைப்பதுதான் நாயின் வேலை என்று பார்த்து வளர்ந்த எனக்கு, வாயைத் திறக்காமல் மாடு மேய்க்கும் நாயை நேரில் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை.

வண்டிகளுக்கு நடுவே நடந்தேன். பெரும்பாலானவை பார்டர் கோலி. நம் ஊர்ப் படங்களில் பார்க்கிற அடர்ந்த ரோமக்காரி அல்ல இது. முடி கட்டை, இடுப்பு ஒடுக்கம், முகத்தில் தழும்பு. இடையிடையே ஆஸ்திரேலிய கெல்பி. அப்புறம் நீலச் சாம்பல் நிற ஹீலர். இந்த ஹீலரின் மூதாதையை 1840-களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் தாமஸ் ஹால் என்ற பண்ணைக்காரர் உருவாக்கினார். இங்கிலாந்திலிருந்து வந்த மாடோட்டி நாய்களோடு அந்த மண்ணின் டிங்கோ காட்டு நாயைக் கலந்தார். ஹீல் என்றால் குதிகால். சத்தமில்லாமல் பின்னால் வந்து மாட்டின் குதிகாலைக் கடித்து நகர்த்துவதால் அந்தப் பெயர்.

வேலியோரம் எழுபதைக் கடந்த பண்ணைக்காரர் ஒருவர் நின்றிருந்தார். எதற்கு நாய், குதிரையில் போய் மாட்டை ஓட்டி வர முடியாதா என்று கேட்டேன். பனி அப்போதுதான் கிழக்கே விலகத் தொடங்கியிருந்தது. கையை நீட்டி மலையடிவாரத்தைக் காட்டினார்.

“மேலே மண் கொஞ்சம், எரிமலைக் கல் அதிகம். குதிரை வேகமாகப் போனால் கால் ஒடியும். நடுவே முட்புதர். மாடு அதற்குள் நுழைந்துவிட்டால் நான்கு ஆள் போனாலும் வெளியே வராது. நல்ல நாய் இரண்டு இருந்தால் நான் ஒருவனே கூட்டி வந்துவிடுவேன்.”

இந்த வட்டாரத்து மாட்டு வாழ்க்கை அப்படிப்பட்டது. மழை தொடங்கும் நவம்பரிலிருந்து வசந்தம் வரை அடிவாரத்து ஓக் மரங்களுக்கு இடையே புல் பச்சையாக இருக்கும். கோடையில் அது காய்ந்து பொன்னிறமாகிவிடும். அப்போது மாடுகளை உயர்ந்த மலைப் புல்வெளிகளுக்கு ஏற்றுகிறார்கள், இலையுதிர் காலத்தில் மறுபடி இறக்குகிறார்கள். ஒவ்வொரு ஏற்றத்திலும் இறக்கத்திலும் நாய் வேண்டும். மைதானத்தில் நடப்பது அந்த வேலையின் சுருக்கம்தான்.

களத்தின் அமைப்பு எளிது. ஒரு முனையில் மூன்று மாடுகளை விடுகிறார்கள். மறுமுனையில் நாய்க்காரர் நிற்கிறார். நாய் சுற்றிப் போய் மாடுகளை ஒன்றுசேர்த்து அவரிடம் கொண்டுவர வேண்டும். பிறகு இரண்டு தட்டிகளுக்கு இடையிலும், ஒரு குறுகிய சந்து வழியாகவும் ஓட்டி, கடைசியில் பட்டிக்குள் அடைக்க வேண்டும். ஒவ்வொரு தடையையும் கடக்கும் ஒவ்வொரு மாட்டுக்கும் புள்ளி. புள்ளி சமமாக வந்தால் நேரம் தீர்மானிக்கும்.

கட்டளைகள் கைவிரலில் எண்ணக்கூடியவை. ‘கம் பை’ என்றால் மாட்டைக் கடிகார முள் திசையில் சுற்று. ‘அவே’ என்றால் எதிர்த் திசை. ‘வாக் அப்’ என்றால் மாட்டை நோக்கி நட. ‘தட்டில் டூ’ என்றால் போதும், விட்டுவிட்டு வா. தூரம் கூடினால் இவை எல்லாம் சீழ்க்கையாக மாறும்.

நான் பார்த்த முதல் சுற்று ஓர் இளம் ஆண் நாயுடையது. பலமான நாய், வேகத்தில் குறையில்லை. ஆனால் மாடுகள் அமைதியாக நடந்துகொண்டிருந்தபோதே ஓடிப்போய் ஒன்றின் விலாவில் பாய்ந்து கடித்தது. அந்த மாடு துள்ளி ஓட, மற்ற இரண்டும் ஆளுக்கொரு மூலைக்குப் பிரிந்தன. நாய்க்காரர் ‘படு, படு’ என்று மூன்று முறை கத்தினார். நாய் கேட்கவில்லை. நடுவர் “நன்றி” என்றார். சுற்று முடிந்தது என்பதை இங்கே இவ்வளவு மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். கடித்தது குற்றம் இல்லை, தேவையில்லாமல் கடித்ததுதான் குற்றம் என்று பக்கத்தில் இருந்தவர் எனக்கு விளக்கினார்.

இதைப் புரிந்துகொள்ள மாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லை இருக்கிறது. அதற்குள் யாராவது காலை வைத்தால் மாடு நகரும், எல்லைக்கு வெளியே போய்விட்டால் நிற்கும். தோள்பட்டைக்குப் பின்னால் நெருங்கினால் முன்னே போகும், தோளுக்கு முன்னால் வந்தால் பின்வாங்கும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நேர் பின்புறம் மட்டும் தெரியாது. நெருங்குவதும் விலகுவதும்தான் மாட்டோடு பேசும் மொழி. நெருங்கினது நெருங்கினபடியே இருந்தால் மாடு மிரளும், அல்லது திரும்பி முட்டும். அது நடக்கத் தொடங்கிய அந்த நொடியில் நாய் அரை அடி தளர வேண்டும். ‘நீ செய்தது சரி’ என்று மாட்டுக்குச் சொல்வது அந்தத் தளர்வுதான்.

என் தாத்தாவும் இப்படித்தான். கம்பை நீட்டுவார், மாடு திரும்பியதும் உடனே இறக்கிவிடுவார். ஏன் என்று அப்போது நான் கேட்டதில்லை.

பதினொரு மணி சுமாருக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டை நாய் களத்துக்கு வந்தது. இடது காது நுனி இல்லை. எடை பதினெட்டு இருபது கிலோவுக்கு மேல் போகாது. அதற்கு வாய்த்த மூன்றும் கறுப்பு ஆங்கஸ் இன இளங்காளைகள், ஒவ்வொன்றும் அதைப் போல் பத்து மடங்குக்கு மேல்.

ஒரு சீழ்க்கை. நாய் வேலியை ஒட்டி அகலமாக வளைந்து ஓடியது. மாடுகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்ததும் ஓட்டம் நடையானது. தலை தோளுக்குக் கீழே தாழ்ந்தது, வால் பின்னங்கால்களுக்கு இடையே படிந்தது, கண் இமைக்கவில்லை. வேட்டைக்குப் பதுங்கும் ஓநாயின் நடை அது. பதுங்குவதையும் சூழ்வதையும் வைத்துக்கொண்டு, கொல்வதை மட்டும் பல தலைமுறை இனப்பெருக்கத்தில் உதிர்த்துவிட்டார்கள்.

மாடுகள் நகர்ந்தன. தட்டிகளுக்கு இடையே சிரமமில்லாமல் வந்தன. சந்தின் வாசலில் ஒரு காளை நின்றுவிட்டது. திரும்பி, நாய்க்கு நேரே நின்று, தலையைத் தாழ்த்தி, முன்னங்காலால் மண்ணை வாரி எறிந்தது.

நாயும் நின்றது. ஒரு முன்னங்கால் தூக்கியது தூக்கியபடியே இருந்தது. நாய்க்காரர் வாயைத் திறக்கவில்லை. வேலியோரம் பேச்சு அடங்கிவிட்டது. நாய் ஓர் அடி வைத்தது, நின்றது. இன்னும் ஓர் அடி. காளை தலையை முட்டத் தூக்கிய கணத்தில் நாய் நேரே எழும்பி அதன் மூக்கில் ஒரே ஒரு கடி கடித்து, உடனே விட்டுவிட்டு, இரண்டடி பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. காளை வலியால் ஓடவில்லை. மூச்சை ஊதிவிட்டு, தானாகத் திரும்பி, சந்துக்குள் நடந்தது.

பின்னால் தயங்கிய இன்னொன்றுக்குக் குதிகாலில் ஒரு கடி. அதை நான் மிக அருகில் பார்த்தேன். எந்தக் காலில் மாட்டின் பாரம் நிற்கிறதோ அந்தக் காலைத்தான் நாய் தேர்ந்தெடுத்தது. பாரம் தாங்கும் காலால் உடனே உதைக்க முடியாது. கடித்த வேகத்தில் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. தாமதமாக வந்த உதை அதன் முதுகுக்கு மேலே காற்றில் போனது. இதற்கெல்லாம் கட்டளை கிடையாது. சொல்லி முடிப்பதற்குள் உதை விழுந்துவிடும்.

மூன்றும் பட்டிக்குள் போயின. கதவு சாத்தியதும் நாய்க்காரர் குரலை உயர்த்தாமல் “தட்டில் டூ” என்றார். அந்த நேரம் வரை உலகத்தில் மாட்டைத் தவிர வேறெதையும் பார்க்காத நாய், சட்டென்று திரும்பி அவர் காலடிக்கு வந்தது. மைதானம் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கியது உண்மை.

அவரை வெளியே தேடிப் போனேன். நாய், குதிரைகளுக்கு வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் கழுத்து வரை அமிழ்ந்து கிடந்தது. இவ்வளவு செய்ததற்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டேன். கேள்வி அவருக்கு விளங்கவே சற்று நேரமானது.

“ஒன்றும் கொடுப்பதில்லை. மாட்டிடம் விடுகிறேனே, அதுதான் அதற்குப் பரிசு. தப்பு செய்தால் வேலையை நிறுத்திவிடுவேன். அதைவிடப் பெரிய தண்டனை இதற்குக் கிடையாது.”

நாய் மேய்ப்புப் போட்டிகளின் வரலாற்றில், சத்தமில்லாமல் மேய்க்கும் இந்தக் குணத்துக்கு ஒரு பெயர் உண்டு. பிரிட்டனின் முதல் போட்டி என்று சொல்லப்படுவது 1873-இல் வேல்ஸின் பாலா ஊரில் ஆட்டு மந்தையோடு நடந்தது. அதற்கு இருபது வருடம் கழித்து, 1893-இல், இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் ஹெம்ப் என்ற நாய் பிறந்தது. குரைக்காமல், மந்தையைக் கலைக்காமல், பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியது என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். எல்லாரும் அந்த வழியில் குட்டி எடுக்க விரும்பினார்கள். இன்றைய பார்டர் கோலி இனத்துக்கே அதைத் தந்தை என்கிறார்கள். வேகமான நாய்களும் பலமான நாய்களும் அன்றும் இருந்தன. வம்சம் தழைத்தது அமைதியான நாயின் வழியில்.

இறுதிச் சுற்றும் ஏலமும் கூரை போட்ட அரங்கத்தில், விளக்கு வெளிச்சத்தில் நடந்தன. ஏலக்காரரின் வாய் வேகம் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒவ்வொரு கை உயர்வதற்கு முன்னும் அந்தக் கைக்குச் சொந்தக்காரர் நாயைப் பார்த்த பார்வை புரிந்தது. அடுத்த கோடையில் எந்தப் புதருக்குள் எந்த மாட்டைத் தேட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடும் பார்வை அது. சாம்பல் நாயும் விலை போனது.

கிளம்பும்போது அரங்கத்தின் பின்புறம் அதை விற்றவரும் வாங்கியவரும் நின்றிருந்தார்கள். விற்றவர் ஒவ்வொரு சீழ்க்கையாக ஊதிக் காட்ட, வாங்கியவர் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, பள்ளிப் பையனைப் போலத் திருப்பி ஊதினார். ஒவ்வொரு சீழ்க்கைக்கும் நாயின் உடல் அந்தந்தப் பக்கம் சாய்ந்து நின்றது. புது முதலாளிக்கு நாயின் மொழியைக் கற்றுக்கொடுத்து முடித்த பிறகுதான் விற்றவர் கயிற்றைக் கைமாற்றினார்.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் சென்னையும் பெங்களூரும் நினைவுக்கு வந்துகொண்டிருந்தன. அங்கே பார்டர் கோலிக் குட்டிகள் அழகுக்காக விலைக்குப் போகின்றன. நாள் முழுக்க மலையேறி மந்தை தேடுவதற்கென்று நூறு வருடத்துக்கு மேலாக வார்த்தெடுத்த உயிரை, மூன்றாவது மாடி பால்கனியில் பூட்டி வைக்கிறோம். அது குழந்தைகளின் குதிகாலைத் துரத்துகிறது, வண்டிச் சக்கரத்தை மறிக்கிறது, சுவரில் ஆடும் நிழலை மணிக்கணக்காக வெறிக்கிறது. கெட்ட நாய் என்கிறார்கள். வேலை கிடைக்காத நாய் அது.

வாங்க நினைப்பவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நாளைக் காலையிலிருந்து இதற்கு என்ன வேலை கொடுக்கப் போகிறேன்? பதில் இல்லையென்றால் வாங்க வேண்டாம். நம் வெயிலுக்குப் பழகிய நாட்டு நாய்க்குட்டி ஒன்று உங்கள் தெருமுனையிலேயே காத்திருக்கும். அதை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.