27வது வளைவில் நின்ற வண்டி

கொல்லிமலைக்குப் போகிறவர்களில் வளைவுகளை எண்ணாதவர்கள் உண்டா? காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் மேலே சோளக்காடு போய்ச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கும். குழந்தைகள் சத்தமாக எண்ணுவார்கள். வாந்தி வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் எண்ணுவார்கள். போன மாதம் எங்கள் எண்ணிக்கை 27ல் நின்றுவிட்டது.

திருச்சியிலிருந்து விடிகாலையில் கிளம்பியிருந்தோம். நான், மனைவி, அம்மா. வண்டி, அப்பா 2004ல் வாங்கிய குவாலிஸ். 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பித்துத்தான் ஓட்டுகிறோம். முசிறி, தொட்டியம், நாமக்கல் எல்லாம் தாண்டும்வரை வெப்பமானியின் முள் நடுவிலேயே சாதுவாக நின்றது. மலையேறத் தொடங்கி 20 வளைவு தாண்டியதும் மெல்ல மேலே நகர்ந்தது. ஏசியை அணைத்தேன். 25ல் சிவப்புக் கோட்டைத் தொட்டது. 27ல் ஓரங்கட்டி நிறுத்தியபோது பானெட்டின் இடுக்கில் ஆவி.

அம்மா கீழே இறங்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவர் இன்னும் கூப்பிடலடா" என்றார்.

அவர் என்றால் அறப்பளீஸ்வரர். 2014ல் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தபோது அம்மா வேண்டிக்கொண்ட சாமி. ஏன் இந்தச் சாமி என்று அப்போது கேட்டேன். ஊரில் ஒரு கதை சொல்வார்கள். இந்தக் கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றில் பிடித்த மீனை ஒருவர் அறுத்துச் சமைக்கப் போக, துண்டுகள் ஒன்று சேர்ந்து மீன் மறுபடி ஆற்றில் துள்ளிக் குதித்ததாம். 'அறுத்த மீனைப் பொருத்தியவர், உங்கப்பா நெஞ்சைப் பொருத்த மாட்டாரா' என்பது அம்மாவின் கணக்கு. பொருத்தினார். அப்பா அதன்பின் 6 வருடம் நன்றாக இருந்தார். அந்த 6 வருடமும் 'போகலாம், போகலாம்' என்றே போய்விட்டது. இப்போது அப்பா இல்லை. அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலும் வலி. 'அவர் கடனை அடைச்சிட்டார், நாமதான் பாக்கி' என்று மாதம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

எங்களைத் தாண்டிப் போன அரசுப் பேருந்தின் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, "மூடியைத் தொறந்துறாதீங்க சார்" என்று கத்திவிட்டுப் போனார். நல்ல மனுஷர். ரேடியேட்டருக்குள் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். வளைவில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த மலைவாசி அம்மா, எங்கள் அம்மாவைத் தன் தார்ப்பாய் நிழலுக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார். காசு கொடுத்தபோது சுளைக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

எனக்கு வந்தது எரிச்சல். போன கோடையில் இதே சூட்டுப் பிரச்னைக்காகத் திருச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டர் மாற்றி, தெர்மோஸ்டாட் மாற்றி, நன்றாகவே செலவழித்திருந்தேன். அதற்குப் பிறகு சமவெளியில் ஒரு குறையும் இல்லை. மலையென்றால் மட்டும் இப்படி.

"சேந்தமங்கலத்துக்கு போன் போடு" என்றார் அம்மா.

மனைவி என்னைப் பார்த்தாள். சேந்தமங்கலத்தில் இருப்பவர் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. நாமக்கல் லாரிப் பட்டறைகளில் 40 வருடம் மெக்கானிக்காக இருந்தவர். பூர்வீக நிலத்தில் ஒரு கிணற்றுப் பாத்தியதைக்காக அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி, அது அப்பாவின் சாவு வரைக்கும் நீண்டது. சித்தப்பா சாவுக்கு வந்தார், எல்லாம் செய்தார், சாப்பிடாமல் போனார். இன்று காலைகூட சேந்தமங்கலம் வழியாகத்தான் வந்தோம், நிறுத்தவில்லை.

போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கீழ ரோட்டுல 80ல வர்றப்ப முள்ளு எங்க இருந்துச்சு கண்ணு?"

"நடுவுலதான் சித்தப்பா."

"அப்ப ஃபேன் கிளட்ச்சு. நல்லா ஆற வெச்சு, தண்ணி ஊத்தி, கியர்லயே மெதுவா எறக்கிட்டு வா. அண்ணியப் பயப்பட வேணாம்னு சொல்லு."

முக்கால் மணி நேரம் காத்திருந்து, திருப்பிக்கொண்டு இறங்கினோம்.

சேந்தமங்கலம் நாமக்கல்லிலிருந்து 10, 12 கிலோமீட்டர். இந்தப் பக்கம் வராதவர்களுக்கு நாமக்கல் என்றால் முட்டையும், கூரையில்லாமல் நிற்கும் ஆஞ்சநேயரும்தான் ஞாபகம் வரும். லாரிக்காரர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். இங்கே கட்டும் லாரி பாடிகளும், பக்கத்துத் திருச்செங்கோட்டின் போர்வெல் வண்டிகளும் நாடு முழுக்க ஓடுகின்றன. அதனால் இந்த வட்டாரத்தில் தெருவுக்கு ஒருவராவது ஸ்பேனர் பிடித்த கை இருக்கும். சித்தப்பாவின் வீட்டு வாசலில் வேப்பமரம், அதன் கீழே ஒரு கயிற்றுக் கட்டில், எண்ணெய்க் கறை படிந்த சிமென்ட் தரை. சித்தி அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். இரண்டு பேரும் அழுதிருக்க வேண்டும். நான் பானெட்டைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு சித்தப்பா ரேடியேட்டர் ஃபேனை ஒரு விரலால் சுண்டினார். அது நாலைந்து சுற்று சுற்றி நின்றது.

"பாத்தியா? நல்ல கிளட்ச்சா இருந்தா கையெடுத்ததும் பிகு பண்ணி நிக்கோணும். இது காத்தாடி மாதிரி சுத்துது."

அன்று ராத்திரிவரை நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும். இப்போதைய கார்களில் பெரும்பாலும் மின்சார ஃபேன்தான். குவாலிஸ் மாதிரி வண்டிகளில் பெல்ட்டோடு சுற்றும் வாட்டர் பம்ப் முனையில் ஃபேன் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ளங்கை அகல அலுமினிய வட்டுதான் ஃபேன் கிளட்ச். உள்ளே சிலிகான் எண்ணெய். தேன் போலக் கெட்டியானது. வட்டின் முகத்தில் கொசுவத்திச் சுருள் மாதிரி ஓர் உலோகச் சுருள் இருக்கும். ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால் சுருள் முறுக்கிக்கொண்டு உள்ளே ஒரு சின்னத் துளையைத் திறக்கும். எண்ணெய் வழிந்து இரண்டு தட்டுகளுக்கு நடுவில் நிரம்பும். அந்தக் கெட்டி எண்ணெயின் இழுப்பில் ஃபேன் வேகமாகச் சுற்றும். காற்று குளிர்ந்தால் துளை மூடி, எண்ணெய் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், ஃபேன் சோம்பலாகச் சுற்றும். வருடக்கணக்கில் எண்ணெய் கசிந்து குறைந்துபோனால் துளை திறந்தும் பிரயோஜனமில்லை.

அப்படியானால் சமவெளியில் ஏன் சூடாகவில்லை? 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றே ஃபேனின் வேலையைச் செய்துவிடும். மலையில் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது எதிர்க்காற்று கிடையாது, எஞ்சினோ மூச்சைப் பிடித்து உழைக்கிறது. அப்போதுதான் ஃபேன் தேவை. சித்தப்பா போனில் கேட்ட ஒற்றைக் கேள்வியின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. திருச்சியில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

"வட்டை வெல்டு வெச்சு இறுக்கிட்டா எப்பவும் சுத்துமே" என்று நானும் ஒரு யோசனை சொன்னேன். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்களாம். "டீசலக் குடிக்கும், காதைக் கிழிக்கும், பம்ப் பேரிங் சீக்கிரம் போயிரும். அது ரிப்பேர் இல்ல கண்ணு, தொந்தரவைத் தள்ளி வெக்கிறது" என்றார்.

கழற்றுவது பெரிய வித்தையில்லை. பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே நான்கு நட்டுகளையும் தளர்த்திவிட வேண்டும். பெல்ட்டை முதலில் எடுத்துவிட்டால் புல்லி கூடவே சுற்றிக்கொண்டு நட்டு வராது. பிறகு ஃபேனும் கிளட்சும் ஒன்றாக வெளியே வந்தன. வட்டின் விளிம்பைச் சுற்றிப் புழுதியும் எண்ணெயும் கலந்த கறுப்புக் கோடு. கசிந்ததற்கு அதுவே சாட்சி. வாட்டர் பம்ப் தண்டை ஆட்டிப் பார்த்து, ஆட்டமில்லை என்று திருப்தியானார்.

இரண்டு பாதிகளின் மேலும் ஆணியால் ஒரு கோடு கீறினார். மறுபடி மூடும்போது அதே இடத்தில் பொருந்த வேண்டுமாம். ஓர இறுக்கிகளைக் கழற்றிப் பிரித்தபோது உள்ளே வளையம் வளையமாகப் பள்ளங்கள், அடியில் கொஞ்சமே கொஞ்சம் எண்ணெய். பெட்ரோல் தொட்ட துணியால் சுத்தமாகத் துடைத்தோம். சுருள் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். "பாப்பா, அந்த முடி காய வெக்கிறதை எடுத்தா" என்றார். கல்லூரியில் படிக்கும் பேத்தி ஹேர் டிரையரை அரை மனதோடு கொடுத்தாள். சூடு பட்ட அரை நிமிடத்தில் சுருள் அசைந்து உள்ளே துளை திறந்தது. டிரையரை நிறுத்தியதும் மெல்ல மூடியது. அதை நான்கு தடவை செய்து பார்த்தோம். கடைசி இரண்டு தடவை வேடிக்கைக்காக.

எண்ணெய்க்கு நாமக்கல்லில் தெரிந்த கடைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். சின்ன பாட்டில், மேலே 10000 என்று எண். அது கெட்டித்தன்மையின் அளவு. எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ஆகாது, சூட்டில் அது தண்ணீராகிவிடும். சிலிகான் எண்ணெய் சூட்டிலும் அதிகம் இளகாது. ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, சுமார் 30 மில்லி விட்டார். அந்தக் கெட்டியில் ஒவ்வொரு சிரிஞ்சும் நிரம்ப ஒரு யுகம் ஆனது. முழுக்க நிரப்பக் கூடாது, நிரப்பினால் வெல்டு வைத்த கதைதான். ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டு, கீறிய கோட்டைப் பொருத்தி, எதிரெதிர் இறுக்கியாக மூடினார். படுக்கப் போடாமல், வண்டியில் நிற்கிற மாதிரியே சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னார்.

அவர் கை லேசாக நடுங்கியது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். "இப்பல்லாம் யாரு கண்ணு பிரிக்கிறாங்க? புதுசு வாங்கி மாட்டிட்டுப் போயிர்றாங்க" என்றார்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஃபேன் புயல் மாதிரி இரைந்தது. கெடுத்துவிட்டோமோ என்று பயந்து பார்த்தேன். "ராத்திரி பூரா எண்ணெய் உள்ளாற எறங்கி நிக்குதில்ல, ஒரு நிமிசத்துல ஒதுங்கிரும்" என்றார். ஒதுங்கியது. கூலண்ட்டை நிரப்பினோம். இந்த ஊர் போர் தண்ணீரை ரேடியேட்டருக்குக் காட்டவே கூடாது என்பது அவர் கட்டளை. பிறகு யாரும் கூப்பிடாமலே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சித்தி புளிசாதப் பாத்திரத்தோடு பின்னால் ஏறினார்.

27வது வளைவில் பலாச்சுளை அம்மா கையசைத்தார். முள் நடுவில் இருந்தது. இன்னும் நாலைந்து வளைவு ஏறியதும் முள் ஒரு நூல் மேலே போக, முன்னாலிருந்து 'உஷ்ஷ்...' என்று ஓர் இரைச்சல். அம்மா, "என்ன சத்தம் அது?" என்றார். "காத்துதான் அண்ணி" என்றார் சித்தப்பா. முள் திரும்ப நடுவுக்கு வந்தது. 70 வளைவும் முடியும்வரை இப்படியே வந்து வந்து போனது. கண்ணாடியை இறக்கினால் குளிர்காற்று. காப்பிச் செடிகள், மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகள். செம்மேட்டில் வில்லேந்திய வல்வில் ஓரி சிலைக்குக் கீழே டீ குடித்தோம்.

கோயிலில் கூட்டம் இல்லை. அபிஷேகத்துக்கு அப்பா பெயரும் நட்சத்திரமும் சொன்ன அம்மா, குருக்கள் அடுத்து யார் என்று பார்த்தபோது சித்தப்பாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். சித்தப்பா தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள். அம்மா முதல் படியில் நின்று கேட்டுக்கொண்டதோடு சரி. அருவிச் சத்தம் வருகிறதா என்று கேட்டேன். "வருது வருது" என்றார். எனக்குக் கேட்கவில்லை.

இறங்கும்போது சித்தப்பா இரண்டாவது கியரை விட்டு மாற்றவே விடவில்லை. பிரேக்கை நம்பி இறங்கினால் அது சூடாகிக் கை கொடுக்காது. சேந்தமங்கலத்தில் வண்டியை நிறுத்தியதும் டேஷ்போர்டைத் திறந்து அப்பாவின் நோட்டை எடுத்தார். 2004லிருந்து ஒவ்வொரு ஆயில் மாற்றமும், டயரும், தேதி, கிலோமீட்டர், ரூபாய் என்று மூன்று கட்டம் போட்டு அப்பா எழுதி வைத்தது. சில பக்கங்களைப் படித்தார். பேனா கேட்டார். அன்றைய தேதியும் கிலோமீட்டரும் எழுதி, 'ஃபேன் கிளட்ச் பிரித்து எண்ணெய் மாற்றியது, 30 மி.லி.' என்று அதன் கீழே எழுதினார். ரூபாய்க் கட்டத்தில் ஒரு கோடு போட்டு நோட்டை மூடினார்.