‘என்று’ இல்லாத மேற்கோள்

1969ஆம் ஆண்டில், வாஷிங்டன் நகரத்து ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்னும் இசைக்குழு ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அதன் முன்பக்கத்தில் இருந்த ‘கலர் ஹிம் ஃபாதர்’ பாடலுக்குக் கிராமி விருது கிடைத்தது. இன்று அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. மறுபக்கத்தை நிரப்புவதற்காக இடம்பெற்றது ‘ஆமென், பிரதர்’ என்ற கருவியிசை. அதன் நடுவே மற்றக் கருவிகள் அனைத்தும் ஓய்ந்துவிட, டிரம் கலைஞர் கிரெகரி கோல்மன் மட்டும் நான்கு தாளச் சுற்றுகள் வாசிக்கிறார். முதல் இரண்டும் ஒரே அமைப்பு. மூன்றாவதில் ஓர் அடி சற்றே தள்ளி விழுகிறது. நான்காவதின் முதலடியை வெறுமையாக விட்டு, எதிர்பாராத இடத்தில் சிம்பலைத் தட்டுகிறார். மொத்தம் ஏறத்தாழ ஏழு விநாடிகள்.

அந்த ஏழு விநாடிகள் பின்னர் ஆயிரக்கணக்கான பாடல்களுக்குள் குடியேறின. 1988இல் வெளிவந்த ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ அவற்றுள் ஒன்று. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தோன்றிய ‘ஜங்கிள்’ என்னும் இசைவகைக்கோ இந்தத் துண்டே அடித்தளம்.

இத்துண்டைப் பற்றி ஒரு மொழியியல் ஆய்வு மாணவி ஏன் எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். என் முனைவர் பட்ட ஆய்வு பிறர் கூற்றைத் தமிழில் எடுத்துரைக்கும் முறைகளைப் பற்றியது. ‘நாளை வருவதாகச் சொன்னான்’ என்னும்போது அவன் சொன்னதன் பொருளை என் சொற்களில் தருகிறேன். ‘நாளை வருகிறேன் என்று சொன்னான்’ என்னும்போது அவன் சொற்களையே தருகிறேன். ஆயினும் குரல் என்னுடையது. பழைய மெட்டை மற்றொரு குழு மீண்டும் வாசிப்பது இவ்விரண்டில் ஒன்றைப் போன்றது. சாம்பிளிங் அப்படியன்று. அங்கே சொல்லும் அவனுடையது, குரலும் அவனுடையது, அவன் மூச்சு வாங்கிய இடமும் அவனுடையது. இல்லாதது ‘என்று’ மட்டும்தான்.

மொழியியலார் வாக்கியத்தையும் கூற்றையும் பிரித்துப் பார்ப்பர். வாக்கியம் எவராலும் மீண்டும் சொல்லப்படக்கூடிய வடிவம். கூற்று ஒருவர் ஓரிடத்தில் ஒருமுறை சொன்னது. பதிப்புரிமைச் சட்டமும் இதைத் தெரிந்தே வைத்திருக்கிறது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் இசைப்படைப்பு வேறு, ஒலிப்பதிவு வேறு. சாம்பிளிங் செய்பவர் இரண்டையும் ஒருசேரத் தொடுகிறார். ஆனால் அவர் விரும்புவது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். தாளக்கட்டு மட்டும் போதுமென்றால் வேறொரு டிரம் கலைஞரை அழைத்து வாசிக்கச் செய்திருக்கலாமே. அவருக்கு வேண்டியது அந்த அறை, அந்தத் தோல், அந்தக் கை.

கருவிகளின் வரலாற்றை இங்கே விரிக்கவில்லை. 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் ஒரே இசைத்தட்டின் இரு படிகளை மாற்றி மாற்றி ஓட்டி, டிரம் மட்டும் ஒலிக்கும் இடத்தை நீட்டினார். 1987இல் வந்த ‘எஸ்பி-1200’ என்ற கருவியில் மொத்தமே பத்து விநாடிகள்தாம் பதியும். ஆகவே 33 சுழற்சித் தட்டை 45இல் விரைவாக ஓட்டிப் பதிந்து, பிறகு வேகத்தைக் குறைத்தார்கள். ஒலி சொரசொரப்பானது, அதுவே அக்கால ஹிப்-ஹாப்பின் அழகாகவும் ஆயிற்று.

‘என்று’ இல்லாவிட்டால் மேற்கோளை எப்படி அறிவது? கேட்பவரே அதைச் சேர்த்துக்கொள்கிறார். எம்.ஐ.ஏ.வின் 2007ஆம் ஆண்டு ஆல்பமான ‘காலா’வில் ‘பாம்பூ பாங்கா’ என்றொரு பாடல். அதில் ‘தளபதி’ படத்துக்காக இளையராஜா அமைத்த ‘காட்டுக்குயிலு’ பாடலின் துண்டு வருகிறது. தமிழர் காதில் அது விழுந்த கணமே மேற்கோள் குறிகள் தாமாக முளைத்துவிடும். லண்டனில் முதன்முறை கேட்கும் ஒருவருக்கு அது வெறும் ஒலி. ஒரே பதிவு ஒருவருக்கு மேற்கோள், மற்றொருவருக்கு மூலப்பொருள்.

ஐரோப்பிய நீதிமன்றமும் இந்தச் சிக்கலுக்குள் சென்று வந்திருக்கிறது. ஜெர்மானியக் குழுவான கிராஃப்ட்வெர்க்கின் 1977ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து ஏறத்தாழ இரண்டு விநாடிகளை எடுத்து, மோசஸ் பெல்ஹாம் 1997இல் ஒரு பாடலில் திரும்பத் திரும்ப ஒலிக்கவைத்தார். வழக்கு இருபது ஆண்டுகளைத் தாண்டியது. 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் கூறியதன் சாரம் இது: காதுக்கு அடையாளம் தெரியாதபடி உருமாற்றிவிட்டால் அனுமதி தேவையில்லை, மேற்கோள் என்ற சலுகையைக் கோரினாலோ மூலம் அடையாளம் தெரிந்தாக வேண்டும், அதனோடு ஓர் உரையாடலும் நிகழ வேண்டும். முழுவதும் மறை, அல்லது நன்றாகக் காட்டு. இடைப்பட்ட நிலைதான் ஆபத்தானது. ஆய்வேட்டின் ஒப்புமை விழுக்காடு பத்தைத் தாண்டுமோ என்று நாம் அஞ்சுகிறோமே, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி, அந்த மென்பொருளுக்கு இத்தனை நுட்பம் கிடையாது.

எனினும், எல்லோரும் ஒழுங்காக அனுமதி பெற்றுப் பணம் செலுத்தியிருந்தால் கோல்மனுக்கு நியாயம் கிடைத்திருக்குமா? எனக்கு ஐயமே. ‘ஆமென், பிரதர்’ பாடலின் உரிமை குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் இருந்தது. தம் இசை இவ்வளவு பரவியிருப்பதை அவரே 1996இல்தான் அறிந்தார். சட்டப்படி கோருவதற்கான காலம் கடந்துவிட்டது. 2015இல் இங்கிலாந்து ரசிகர்கள் நிதி திரட்டி அவருக்கு ஏறத்தாழ 24,000 பவுண்டு அளித்தனர். கோல்மன் அதற்கு முன்பே, 2006இல், வீடற்றவராக இறந்துபோயிருந்தார் என்று ஸ்பென்சர் கூறியிருக்கிறார். நன்றியறிதலின் பாதை உரிமையாளர் வரை செல்கிறது; வாசித்த கைவரை செல்வதில்லை. தொல்காப்பியர் ‘என்ப’ என்று முன்னோரைச் சுட்டுவாரே, அதைப் போல: பிறர் சொன்னார்கள் என்பது தெரியும், எவர் என்பது தெரியாது. இந்தியச் சட்டம் 1994 முதல் நிகழ்த்துநருக்கெனத் தனியுரிமை ஒன்றை ஏற்றிருப்பது சிறு ஆறுதல்.

இது என் ஆய்வேட்டுக்கும் பொருந்துகிறது என்பதால்தான் இத்தனையும் எழுதுகிறேன். கோலார் தங்கவயலில் தமிழ் பேசும் பழைய சுரங்கக் குடும்பங்களிடம் ஒலிப்பதிவு செய்துவருகிறேன். கோட்பாடு எவருடையது என்றால் குடும்பப்பெயரும் ஆண்டும் அடைப்புக்குள் வந்துவிடும். எடுத்துக்காட்டு வாக்கியம் எவருடையது என்றால், ‘பேச்சாளர் 7, பெண், 68’. அடையாளத்தை மறைப்பது அவர்களின் பாதுகாப்புக்காக என்று நெறிமுறை கூறுகிறது. பல சூழல்களில் அது மிகச் சரி. ஆனால் பேச்சாளர் 7, ஒப்புதல் படிவத்தை நான் படித்துக் காட்டி முடித்ததும், “அப்ப புஸ்தகத்துல எம்பேரு வராதா கண்ணு?” என்று கேட்டார்.

என்னிடம் ஆயத்தமான விடை இருந்தது. அதைச் சொல்ல மனம் வரவில்லை.

நெறியாளருடன் பேசி, நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பித்து, படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன்: பெயர் வெளியிட விருப்பமா, இல்லையா. இதுவரை கேட்டவர்களுள் பெரும்பாலோர் விருப்பம் என்றே குறியிட்டனர். இருவர் வேண்டாம் என்றனர். ஒருவர் தம் பெயருக்குப் பதிலாகக் கணவர் பெயரைப் போடச் சொன்னார், அதற்கு என்ன செய்வது என்று இன்னும் விளங்கவில்லை. பேச்சாளர் 7இன் வாக்கியம் மூன்றாம் இயலில் பதினான்காம் எடுத்துக்காட்டாக, முழுப்பெயருடன் இடம்பெறும். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. ஆய்வேட்டுக்குத்தான் அனுமதி கேட்டேன், முகநூலுக்குக் கேட்கவில்லை.