மதில் போன வழி (சொந்த ஊர் நடை – 3)

சென்ற பகுதியில் வைகையின் தென்கரையோடு யானைக்கல் வரை வந்து நின்றோம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் நுழைய வேண்டும். நுழையுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இன்றைய நடை முழுவதும் அதற்குச் சாட்சி தேடித்தான். மதுரையில் பார்க்க என்ன இருக்கிறது என்று வெளியூர் விருந்தாளி கேட்டால் மீனாட்சி கோயில், மகால், தெப்பக்குளம், காந்தி மியூசியம் என்று நான்கு பெயரோடு முடித்துக்கொள்கிறோம். அந்தப் பட்டியலில் ஏறாத வீதிகள்தாம் இந்த ஊரின் ஆகப்பெரிய தொல்பொருள் என்பது என் எண்ணம். வயதில் மூத்தவை என்று வாதிடவில்லை. கோயிலின் கீழைக் கோபுரம் அவற்றில் பலவற்றைவிட மூத்ததாகவே இருக்கலாம். ஆனால் ஒரு நகரம் முழுவதும் தன் பழைய உருவத்தைக் காட்டி நிற்பது வீதிகளின் போக்கிலும் அகலத்திலும் முக்குகளிலும்தான். ஊர்க்காரர் கண்ணுக்கு அது படாமல் போவதற்குக் காரணம் எளியது. நகைக்குத் தெற்காவணி மூல வீதி, ஜவுளிக்குத் தெற்கு மாசி வீதி, பலசரக்குக்குக் கீழமாசி வீதி, பாத்திரத்துக்கு வெண்கலக்கடைத் தெரு என்று வண்டியை நிறுத்துகிறோம், வாங்குகிறோம், திரும்பிவிடுகிறோம். ஒரு வீதியைக் குறுக்கே கடக்கிறவருக்கு அது வெறும் வழி. அதன் நான்கு பக்கங்களையும் சுற்றி வருகிறவருக்குத்தான் அதன் உருவம் பிடிபடும்.

அமைப்பு உள்ளூர்க் குழந்தைக்கும் தெரிந்ததுதான். கோயில் மதிலுக்குள் ஆடி வீதிகள், மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள், அதற்கடுத்து ஆவணி மூல வீதிகள், பிறகு மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். இதில் ஒரு முரண் இருக்கிறது, அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. சித்திரைத் திருவிழாவின் தேர் சித்திரை வீதியில் ஓடுவதில்லை, மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. மீனாட்சி கல்யாணம் முன்பு மாசி மாதத்தில் நடந்தது, 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றி அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. இந்தச் செய்தியை எல்லோரும் மன்னரின் சாமர்த்தியத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் படுவது வேறு. ஒரு மன்னர் நினைத்தபோது திருவிழாவின் மாதத்தை மாற்ற முடிந்தது. இரண்டு கோயில்களின் நாள்காட்டியை ஒன்றாக இழுத்துக் கட்ட முடிந்தது. ஆனால் தேர் போகும் வீதியை மாற்ற முடியவில்லை, அல்லது மாற்றத் தோன்றவில்லை. மாதம் போன பிறகும் மாசி வீதி மாசி வீதியாகவே நின்றது, தேரும் அதில்தான் ஓடுகிறது.

"வீதி பழையது என்கிறீர்களே, இதில் பழையதாக என்ன மிஞ்சியிருக்கிறது? திண்ணை போச்சு, ஓட்டு வீடு போச்சு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியும் பெயர்ப்பலகையும்தானே" என்று கேட்பவர்களுக்குப் பதில் கீழமாசி வீதித் தேர்முட்டியில் இருக்கிறது. அங்கே நிற்கும் தேரின் அடிப்பாகத்தைப் பாருங்கள், பிறகு தலையைத் திருப்பி வீதியைப் பாருங்கள். அவ்வளவு பெரிய மரத்தேரை வடம் பிடித்து இழுத்து, முக்குக்கு முக்கு சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் திருப்பி, நான்கு வீதியும் சுற்றி நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு வேண்டிய அகலம் குறைந்தால் தேர் நின்றுவிடும். வீட்டை இடித்துக் கட்டலாம், கடையாக்கலாம், முகப்பை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். வீதிப் பக்கம் நிரந்தரமாக நீட்டிக் கட்டினால் ஆண்டுக்கு ஒருமுறை தேர் வந்து கணக்குக் கேட்கும். ஆக்கிரமிப்பை அகற்ற மாநகராட்சி தோன்றும் முன்பே வீதியைக் காத்தது இந்தக் கணக்குதான் என்று நினைக்கிறேன். கட்டடம் புதிதாக இருப்பது என் வாதத்துக்கு எதிரானதல்ல. இருபுறமும் எல்லாம் மாறிய பிறகும் நடுவே உள்ள வெற்றிடம் மாறவில்லை என்பதுதான் வியப்பு.

இந்த வாதத்துக்கு வலுவான சாட்சி வெளிச்சுற்றில் கிடைக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் மதுரைக்குப் பெரிய கோட்டை எழுந்தது. எழுபத்திரண்டு கொத்தளங்கள், ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரரின் பொறுப்பு. சுற்றிலும் அகழி. அந்தக் கோட்டை எங்கே? 1840களில் கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன் அதை இடிக்க முடிவெடுத்தார். ஊர் மதிலுக்குள் நெருக்கியடித்துக் கிடந்தது, அகழி நாறியது, நோய் பரவியது. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கு அந்த நிலமே சொந்தம் என்றார். ஜனங்களே முன்வந்து வேலையை முடித்துக் கொடுத்தார்கள். மதில் போன இடத்தை அளந்து வகுத்த நில அளவையாளரின் பெயர் மாரட் வீதியாகவும், வேலையை மேற்பார்த்த மேஸ்திரியின் பெயர் பெருமாள் மேஸ்திரி வீதியாகவும் மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவே இன்றும் நிற்கின்றன. கலெக்டருக்கு நன்றிக்கடனாக ஊர் நிறுத்திய விளக்குத்தூண் இருக்கிறது. அதை இடத்தின் பெயராகச் சொல்லும் பலருக்கு அது யாருக்காக நின்றது என்று தெரியாது. கலெக்டரை ஒரு விளக்கோடு நிறுத்திவிட்டு மேஸ்திரிக்கு நீளமான வீதியையே கொடுத்தது மதுரை. அதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

வடக்கு வெளி வீதியில் தொடங்கி வலமாகச் சுற்றினால் மதில் ஓடிய போக்கிலேயே நடக்கிறோம். கீழவெளி வீதியில் புனித மரியன்னை பேராலயம், தெற்கே தெற்குவாசல், மேற்கே 1875இல் ரயில் வந்து சேர்ந்த நிலையம். கீழவாசலிலும் தெற்குவாசலிலும் வாசல் என்று எதுவும் இல்லை. பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே கோட்டையின் ஒரு துண்டு மட்டும் எஞ்சி நிற்கிறது, அதன் எதிரே பேருந்துக்கு ஓடுகிறவர்களில் எத்தனை பேர் நின்று பார்ப்பார்கள்? ஆனால் நகரப் பேருந்துகள் நாள் முழுவதும் அந்த அகழியின் போக்கிலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. கல் போய்விட்டது, கல் கிழித்த கோடு போகவில்லை.

கல்லின் கதி என்ன ஆகும் என்று பார்க்க மகாலுக்குப் பக்கத்தில் போக வேண்டும். 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனையில் இன்று நாம் சீட்டு வாங்கிப் பார்ப்பது கால் பங்குதான் என்பது பொதுவான கணக்கு. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அரண்மனையைப் பெயர்த்தெடுத்துப் போனார். மிஞ்சியதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். அரண்மனையின் இன்னொரு பகுதியில் இருந்த பத்துத் தூண்கள் சற்றுத் தள்ளி ஜவுளிக்கடைச் சந்தில் வரிசையாக நிற்கின்றன. மேலே கூரை இல்லை. தாங்குவதற்கு எதுவும் இல்லாத மாபெரும் கருங்கல் தூண்கள், கீழே துணிப்பொதிகள். மதுரையில் ஒரே ஒரு இடத்தை மட்டும் பார்க்க நேரம் இருப்பவருக்கு நான் இந்தச் சந்தைத்தான் காட்டுவேன். அரண்மனைக்கு உரிமையாளர் ஒருவர், அவர் ஊரை விட்டுப் போனால் அது குலைகிறது. வீதிக்கு அப்படி ஒருவர் இல்லை. அரசன் போனாலும் பலசரக்கு மூட்டை வருகிறது, சாமி புறப்பாடு வருகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள். மன்னர் கட்டியது சிதற, ஊர் நடந்தது நிலைத்தது.

இங்கே எழக்கூடிய மறுப்புகளில் எளிதில் தட்டிக்கழிக்க முடியாதது ஒன்று உண்டு. கோயிலை நடுவே வைத்துச் சதுரம் சதுரமாக விரியும் ஊர், யார் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று வகுத்த ஊரும்தானே. அந்த வீதிகளைப் போற்றுவது அந்த வரிசையையும் சேர்த்துப் போற்றுவது ஆகாதா? கேள்வி நியாயமானது. எல்லோரும் தேர் இழுத்துக் காத்த வீதி என்ற பொருளில் நான் மேலே எழுதியதையே அது உரசிப் பார்க்கிறது. வடம் பிடித்த கைகளில் கோயிலுக்குள் போக முடியாத கைகளும் இருந்தன. 1939 ஜூலை 8 அன்று கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வைத்தியநாத ஐயர் கோயிலுக்குள் நுழையும்வரை, இந்தச் சதுரங்களில் ஆக உள்ளே இருந்தது இந்த ஊர்க்காரர் பலருக்குப் பூட்டிய கதவு. அதை மறைத்துவிட்டு வீதியின் அழகைச் சொன்னால் அது பொய். ஆனால் அந்தக் கதவு திறந்த கதையும் இந்த வீதிகளில் நடந்தே வந்தது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்தபோது மேலாடையைத் துறந்து எளியவர்களின் உடையான அரைவேட்டிக்கு மாறினார். அந்தக் கட்டடத்தில் இப்போது கதர்க்கடை. வரிசையை வகுத்ததும் இந்த வீதிதான், வரிசையைக் கேள்வி கேட்டவர்கள் நடந்ததும் இந்த வீதிதான். சுற்றி நடப்பவர் இரண்டையும் ஒரே காலையில் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். காஜிமார் பள்ளிவாசலும் கூடலழகர் கோயிலும் ஒன்றிலிருந்து ஒன்று நடந்துபோகும் தொலைவில் பழைய மதிலுக்குள்ளேயே இருப்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடக்க முடிகிற ஊரா இது என்பது மற்றொரு மறுப்பு. சித்திரை வீதிகளில் வண்டிகளைத் தடைசெய்துவிட்டதால் அங்கே நிம்மதியாக நடக்கலாம். மாசி வீதிக்கு வந்தால் நடைமேடை கடைக்காரரின் சரக்குக்கும் வாடிக்கையாளரின் பைக்குக்கும் போய்விடுகிறது. ஞாயிறு விடிகாலையில் கிளம்புங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். கதவடைத்த கடைத்தெருவில் ஊரின் உயிர் தெரியாதே என்பார்கள். உயிரை வாரத்தில் ஆறு நாள் பார்க்கிறோம். எலும்பு தெரிவது ஒருநாள்தான். ஆனால் விடியலில் எழுந்து போவது தீர்வாகிவிடாது. வடக்காவணி மூல வீதியில் இருந்த காய்கறி மார்க்கெட்டை மாட்டுத்தாவணிக்கு மாற்றியபின் அந்த இடத்தில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் எழுந்திருக்கிறது. வண்டிகளைக் கோயிலுக்கு இத்தனை பக்கத்தில் வரவழைத்து அடுக்குவது, நடக்கிறவரின் இடத்தை இன்னும் சுருக்கும் என்று அஞ்சுகிறேன். வெளி வீதியோடு வண்டியை விட்டுவிட்டு உள்ளே நடந்தோ சிறு வண்டியிலோ போகும் ஏற்பாடு இந்த ஊர் அமைப்புக்கு இயல்பாகப் பொருந்தும். கடைக்காரர் வியாபாரம் படுக்கும் என்று கவலைப்படுவார்கள். அந்தக் கவலைக்கு மதிப்புண்டு, சரக்கு ஏற்றி இறக்க இரவு நேரத்தை ஒதுக்காமல் எதையும் தொடங்கக் கூடாது. ஆனால் தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் ஒரு வண்டியும் ஓடுவதில்லை, வீதி கொள்ளாத கூட்டம் நடந்தே வருகிறது.

அடுத்த பகுதியில் தெற்குவாசலைத் தாண்டி, மதிலுக்கு வெளியே வளர்ந்த மதுரைக்குப் போவோம்.