சணல் கயிறும் லாக் புக்கும்

எங்கள் ஸ்கவுட் சாரிடம் முடிச்சு போடுவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டும். "ராத்திரி மழையில கூடாரக் கயிறு அவுந்தா விளக்கா தேடுவ?" என்பார். ரீஃப், கிளவ் ஹிட்ச், போலைன் என்று சணல் கயிறு உரசி விரல் சிவக்கும். கை பழகியது என்று தெரிந்த பிறகே லாக் புக்கைப் பிரித்துக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துக்கு ஏங்கியதைப் போல எந்த மார்க்குக்கும் நான் ஏங்கியதில்லை.

சாரணர் ஏற வேண்டிய படிகள் இவை: பிரவேஷ், பிரதம சோபான், த்விதீய சோபான், த்ரிதீய சோபான், அதற்கு மேல் ராஜ்ய புரஸ்கார், உச்சியில் ராஷ்டிரபதி விருது. வாயில் நுழையாத அந்தப் பெயர்களை மந்திரம்போல் சொல்லிக்கொண்டு திரிந்தோம். வெள்ளைக்காரப் பையன்களின் சாரணர் படைகளில் நம் பிள்ளைகளுக்கு இடமில்லாத காலத்தில், 1917இல் அன்னி பெசன்ட் சென்னையில் தனிச் சங்கமே தொடங்கினார் என்று சார் சொல்லும்போது எங்களுக்கு நெஞ்சு நிமிரும். பிரிந்து கிடந்த அமைப்புகள் கூடி 1950இல் பாரத சாரண சாரணியர் இயக்கமாயின.

எங்கள் அணித் தலைவன் கணக்கில் தேறாதவன். வகுப்பில் அவன் பெயர் அடிவாங்கும்போது மட்டும்தான் கேட்கும். ஒரு முகாமில் மழை பிடித்துக்கொண்டது; விறகெல்லாம் ஈரம். மற்ற அணிகள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க, அவன் தேங்காய் நாரை உள்ளங்கையில் தேய்த்துப் பஞ்சாக்கி, விறகைப் பிளந்து உள்ளிருந்த காய்ந்த சிராய்களை அடுக்கி, குனிந்து மெல்ல ஊதினான். எங்கள் கஞ்சிதான் முதலில் கொதித்தது. தேர்த் திருவிழாவில் தொலைந்த பிள்ளைகளை அவன் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு விசிலடித்தே பெற்றோரைக் கண்டுபிடித்தான்.

அவனுக்கு ராஜ்ய புரஸ்கார் விருது வந்தபோது பிரேயரில் அவனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். களையெடுக்கப் போகாமல் அவன் அம்மா வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். கணக்கு வாத்தியார்தான் முதலில் கை தட்டினார். அதன்பிறகு அவன் வகுப்பில் உட்காரும் விதமே மாறிப்போனது. அந்த விருதுக்கு இதைவிடப் பெரிய பயன் வேண்டுமா என்ன?

சார் இப்போது இல்லை. எங்கள் பள்ளியில் சாரணர் படையும் இல்லை. பொறுப்பெடுக்க ஆளில்லை என்கிறார்கள். ஈர விறகில் தீ மூட்டத் தெரிந்த பையன் மட்டும் இன்றும் அங்கே ஏதாவது கடைசி பெஞ்சில் இருக்கத்தான் செய்வான்.