குளிருக்கு இதம், கூடவே கவனம்

"ஊட்டியிலா இருக்கிறீர்கள்? கொடுத்து வைத்தவர்!" என்பார்கள் கோவை உறவினர்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலைப் புல்தரையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதை அவர்கள் எங்கே கண்டார்கள்!

சென்ற ஆண்டு அந்தக் குளிரில்தான் என் மகள் பிரசவத்துக்கு வந்தாள். "பச்சை உடம்புக்காரியும் குழந்தையும் படுக்கிற அறை. கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தும்மா" என்றார் என் மாமியார். நான் சம்மதிக்கவில்லை. மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடங்கித் தணல் சிவந்த பிறகும் வந்துகொண்டே இருக்கும். இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி என்று ஆரம்பிக்கும். தூங்குகிறவர்களுக்கு அதுகூடத் தெரியாமலே உயிர் போய்விடலாம். சொன்னேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்களிடம் ரூம் ஹீட்டர் இருக்கிறது. 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் எரிந்தால் 2 யூனிட் ஆகும். அதைப் பெரிய பிளக்கில்தான் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடவே கூடாது. திரை, மெத்தை, கொடித் துணி எல்லாம் 3 அடியாவது தள்ளி இருக்கட்டும். தூங்குமுன் அணைத்துவிடுங்கள்.

மாப்பிள்ளை ஓர் எலெக்ட்ரிக் பிளாங்கெட் வாங்கி வந்தார். 100 வாட்தான், செலவு குறைவு. ஆனால் குழந்தைக்கு அது ஆகாது. சூடு அதிகமானால் விலக்கத் தெரியாது, நனைத்தும் விடும். குழந்தைக்குப் பருத்திச் சட்டை, மேலே கம்பளிச் சட்டை போதும். போர்வை முகத்தில் ஏறக் கூடாது. பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஓர் உடுப்பைக் கழற்றிவிடலாம்.

அத்தைக்குச் சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சி குறைவு. இப்படிப்பட்டவர்களுக்குச் சூடு உறைக்காது, கொப்புளித்த பிறகே தெரியும். அதனால் அவர் படுக்கையில் பிளாங்கெட்டை மடிப்பில்லாமல் விரித்து, அரை மணி சூடேற்றி, பிளக்கைப் பிடுங்கி, அதை எடுத்த பிறகே படுக்கச் சொல்வேன். மடித்துக் கசக்கினால் உள்ளே கம்பி பழுதாகும். கருகல் தெரிந்தாலோ, ஒயர் நைந்தாலோ தூக்கி எறிய வேண்டியதுதான்.

இப்போதெல்லாம் இரவு எட்டரை அடித்தால், "என் படுக்கைக்கு ஸ்விட்ச் போட்டாச்சா?" என்று அத்தையே குரல் கொடுக்கிறார். கரிச்சட்டி தோட்டத்தில் செடித்தொட்டியாகிவிட்டது.